ஐந்தாவது படகு

"மணிப்புறா. மணிப்புறா. மணிப்புறா."

மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அவள் மைக்கின் விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

பத்து விநாடி காத்திருக்க வேண்டும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

இரைச்சல்தான் வந்தது.

நோட்டில் ஐந்தாவது வரியில் ஒரு கோடு போட்டாள். அந்த வரியில் இது நான்காவது நாள் கோடு.

மணிப்புறாவில் தனியாக வந்துகொண்டிருப்பது அவள் புருஷன் நேசராசா. அவள் கூப்பிடும் குரலைக் கேட்டு யாராவது அதைக் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்!

தினமும் காலை ஏழு மணிக்குப் பதின்மூன்று பாய்மரப் படகுகள் அவளுக்காகக் காத்திருக்கும். எல்லாம் நடுக்கடலில், ஆளுக்கொரு திசையில். கைபேசி எட்டாத தூரம். திருகோணமலையில் அவளுடைய சமையலறை மேசைமேல் இருக்கும் ரேடியோதான் அவர்களுக்குக் கரை.

பெயர் சொல்வாள். எங்கே இருக்கிறோம், காற்று எப்படி என்று அவர்கள் சொல்வார்கள். எழுதிக்கொள்வாள். அடுத்த பெயர்.

வரிசை மாறவே மாறாது.

மணிப்புறா பதில் சொல்லாத முதல் நாளே, நான்காவது படகான ஹெல்காவிலிருந்து ஜெர்மன்காரி அழாக்குறையாகக் கேட்டாள், நாளையிலிருந்து அவரை முதலில் கூப்பிடேன் என்று. இவள் மசியவில்லை. எல்லோருக்கும் வரிசைதான் என்றுவிட்டாள்.

சொந்தப் பேச்சும் கூடாது. பெண்டாட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன ஒரு பிரெஞ்சுக்காரரை அத்தனை படகும் கேட்க ஒரு பிடி பிடித்தவள் அவள்.

அப்பப்பா, என்ன நெஞ்சழுத்தம்!

ஆறாவது பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். ஒரு குரல் குறுக்கே வந்தது.

குணாளன். லங்காவித் தீவில் நங்கூரமிட்டுக் கிடக்கும் படகுக்காரர். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்.

"பவளக்கா, மன்னிக்கணும். நீங்க மணிப்புறான்னு கூப்பிட்டு முடிச்சீங்கல்ல, அதுக்கப்புறம் இங்க ஒரு விசில் சத்தம் கேட்டுச்சு. நேத்தும் கேட்டுச்சு. எவனோ அறிவு கெட்டவன் நம்ம அலைவரிசையில டியூன் பண்றான்னு நல்லா திட்டி விட்டுட்டேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

டியூன் செய்யும் பொத்தானை அமுக்கினால் காற்றில் ஒரு விசில் போகும். அதற்கு மைக் தேவையில்லை.

"நேற்று எந்த இடத்தில தம்பி கேட்டது?"

"இதே இடந்தான்க்கா. அஞ்சாவதுல. முந்தாநாளும் அஞ்சாவதுலதான்."

இந்த ரேடியோவின் குணமே அலாதி. அலை மேலே போய் வானத்தில் முட்டித் தொலைவில்தான் இறங்கும். லங்காவிக்குப் பளிச்சென்று கேட்கும். முந்நூறு கிலோமீட்டரில் இருப்பவனுக்கு ஒரு சொல் விழாது.

கரைக்கு அவ்வளவு கிட்டே வந்துவிட்ட நேசராசாவுக்கு அவள் கூப்பிட்டது கேட்டே இருக்காது. ஆனால் தூரத்து ஹெல்கா பதில் சொல்வது கேட்கும். ஹெல்கா முடித்தால் அடுத்தது தன் முறை. அது அவருக்குத் தெரியும்.

அவள் வரிசையை மாற்ற மாட்டாள் என்பதும் தெரியும்.

"நீங்கள் கேளுங்கோ தம்பி. உங்கட குரல் அவருக்குப் போகும். ரெண்டு விசில் ஓம். ஒண்டு இல்லை."

குணாளன் கேட்டார். விசில் வந்ததா என்று இவளுக்குக் கேட்காது. அவர் சொல்லச் சொல்லத்தான் தெரியும்.

மணிப்புறாதானா? ரெண்டு.

தண்ணி உள்ள வந்து மைக் போயிருச்சா? ரெண்டு.

தண்ணி இன்னும் வருதா? ஒண்ணு.

அடி ஏதும் பட்டிருக்கா? ஒண்ணு.

படகு நிற்கும் இடத்தை ஒவ்வோர் இலக்கமாக விசிலடிக்கச் சொன்னார்கள். அவள் எழுதினாள். ஐந்தாவது வரியில் இன்று போட்ட கோட்டை ரப்பரால் அழித்தாள். காகிதம் கிழியும் அளவுக்கு அழித்தாள்.

"வேற ஏதும் கேக்கணுமாக்கா?"

மற்றப் பன்னிரண்டு படகுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. பிரெஞ்சுக்காரரும்தான்.

"சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ."

குணாளன் கேட்டார்.

"ரெண்டுக்கா," என்றார் குணாளன். கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தார். "ஆனா நிறுத்த மாட்டேங்குறாரு. விடாம அமுக்கிட்டே இருக்காரு. நான் ஒண்ணும் கேக்கலையே! அவருதான் எதையோ திருப்பிக் கேக்குற மாதிரி இருக்கு."

அவள் மேசையைப் பார்த்தாள். நேற்று மாலை ஊற்றி வைத்த கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான் கிடந்தது.

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

"எதுக்கு ஓம்க்கா?"

"அவருக்குத் தெரியும்."

கஞ்சிக் கோப்பையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் விழுங்கினாள். மைக்கின் விசையை அமுக்கினாள்.

"பெலிக்கன். பெலிக்கன். பெலிக்கன்."