கடைசிப் பக்கத்துப் பென்சில்

அந்த நாவல் பாடத்திட்டத்தில் இருக்கலாமா என்று பேராசிரியை மங்கையர்க்கரசியிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி வீட்டைவிட்டுப் போகும் கதை. ஐம்பது வருடமாக அதன்மேல் சண்டை நடக்கிறது. நூலகத்திலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தவள் மகள் சௌமியா. "முழுசா படிச்சிட்டு எழுதும்மா" என்றாள்.

"முதல் அத்தியாயமே போதும்டி. மிச்சம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

இன்று மதியம் கருத்தை அனுப்பியாயிற்று. 'நல்ல குடும்பத்துப் பெண் எவளும் இப்படிப் போகமாட்டாள். நம்பும்படியாக இல்லை.'

புத்தகத்தை மூடப்போகும்போதுதான் முதல் பக்க ஓரத்தில் பென்சில் எழுத்தைக் கவனித்தார். 'நான் யாரென்று தெரிய 41ஆம் பக்கம் பார்க்க.' நூலகப் புத்தகங்களில் பிள்ளைகள் வழக்கமாக விளையாடும் விளையாட்டு. சிரித்துக்கொண்டே புரட்டினார். 41இல், 'அவசரம் வேண்டாம், 112.' 112இல், 'இவ்வளவு தூரம் வருவாய் என்று நினைக்கவில்லை. கடைசிப் பக்கம்.' அங்கே அவருடைய சிரிப்பு நின்றது. இடப்பக்கம் சாயும் அந்த எழுத்தை, மகள் எல்கேஜியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துவருகிறார்.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் மழையில் நனைந்தபடி வீடு திரும்பி, அம்மாவின் மடியில் விழுந்து அழுகிறாள். அதன் கீழே எழுதியிருந்தது: 'போனதை நம்ப முடிகிறது. திரும்பி வந்ததுதான் பொய்.'

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"சௌமி?"

எழுத்தின்மேல் வைத்திருந்த அவருடைய கட்டைவிரலில் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

"சௌமி, டீ போடவா?" என்றார் மறுபடியும், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல்.