மூன்று கிழமை என்றார் நீதிபதி

அவளைத் தவிர எல்லோரும் கையைத் தூக்கியிருந்தார்கள்.

ஒன்பது கைகள். குற்றவாளிதான் என்று சொல்லும் கைகள்.

மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில் முடிந்துவிடும் என்றுதான் நீதிபதி சொல்லியிருந்தார். அப்போது டொரன்டோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது வெயில் எரிக்கிறது.

உங்களுக்குச் சிரமமாக இருக்குமா என்று முதல் நாளே கேட்டார். மற்றவர்கள் வேலை, பிள்ளை, முதுகுவலி என்று ஏதேதோ சொல்லித் தப்பினார்கள். அவள் பரவாயில்லை என்றாள். பசி கிள்ளினாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்லி வளர்ந்த வாய். பெரிய மனிதர் அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது வேறென்ன சொல்லும்?

அப்போது அம்மா நடமாடிக்கொண்டிருந்தார்.

ஜூரிகள் பன்னிரண்டு பேரில் இருவர் நோயென்று விலகிவிட்டார்கள். இன்னும் ஒருவர் போனால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அம்மா படுத்த பிறகும் தன்னை விடும்படி அவள் கேட்கவே இல்லை.

ஒரு மனிதரை இப்படி எவ்வளவு காலம் பிடித்து வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டாமா என்று ஒருநாள் ஜூரிகளில் ஒருவரான பஸ் ஓட்டுநர் கத்தினார். அதை மட்டும் பத்துப் பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

கடைக்காரரைச் சுட்டது கூண்டில் இருக்கும் அந்தப் பொடியன்தானா?

கேமராவில் விழுந்தது தொப்பி இழுத்துவிட்ட ஒரு கறுப்பு ஜாக்கெட். முகம் இல்லை. அதே மாதிரி ஜாக்கெட் அவளுடைய மகனிடமும் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள் என்று நீதிபதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

பத்துப் பேரும் ஒரே முடிவுக்கு வரும்வரை வீட்டுக்குப் போக முடியாது. படுப்பது ஹோட்டலில், வாசலில் காவலர். போன்களையும் வாங்கி வைத்துவிட்டார்கள். கொடுக்குமுன் கடைசியாகக் கேட்டது தம்பி கஜரூபனின் குரல், ஆஸ்பத்திரியிலிருந்து.

“அக்கா, அம்மா உன்னைத்தான் தேடுறா. கெதியா வா.”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். எல்லோரும் களைத்திருந்தார்கள்.

அவள் கையைத் தூக்கினாள்.

அது பாரமாக இருக்கவில்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நீதிமன்றத்தில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார்கள். இதுதான் உங்கள் தீர்ப்பா? ஆம் என்றாள். பொடியன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

நீதிபதி எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அம்மா இருந்தார். கண் விழித்து, இவளை அடையாளம் கண்டு, சிரிக்கவும் செய்தார்.

“வழக்கு முடிஞ்சுதோ பிள்ளை?”

“ஓம் அம்மா.”

“அந்தப் பொடியன் தாயிட்டைப் போயிட்டானோ?”

கட்டிலுக்கு மறுபக்கம் தம்பி இருந்தான்.

“ஓம் அம்மா. போயிட்டான்.”

“நீ அங்க இருந்தபடியாத்தான்,” என்றார் அம்மா.

எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்.

சுவரிலிருந்த தொலைக்காட்சியில் செய்தி தொடங்கியது; முதலில் நீதிமன்ற வாசல். தம்பி அவளைப் பார்க்காமல் எழுந்துபோய் அதை அணைத்தான்.