முதல் எழுத்து

பெயர் வரும் இடத்தில் பேச்சு மறுபடியும் நின்றது.

"லைட்டு சரியில்லம்மா, இரு," என்று சொல்லிக் கேமராவுக்குப் பின்னால் இருந்த அத்தான் விளக்கைச் சற்றே திருப்பினார். விளக்கில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கீழே மருந்துக்கடை, மேலே அத்தானின் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காரும் சுழல் நாற்காலியில் அவள். பின்னால் நீலத் திரை. மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அக்கா, தங்கைக்குப் பதிலாகத் தான் மூச்சை இழுத்துப் பிடித்தபடி.

வெளிநாட்டு வணிகப் பள்ளி ஒன்றில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. விசா வந்துவிட்டது. வேலையை ராஜினாமா செய்தாயிற்று. வகுப்பு தொடங்கும் முன் ஒரு நிமிட அறிமுக வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சேரப்போகும் எல்லோரும் எல்லோருடையதையும் பார்ப்பார்கள்.

முதல் வரியில் பெயர் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் திக்குவாய். சிறு வயதில் தொட்டதெல்லாம் திக்கும். இப்போது எவ்வளவோ தேவலை. மோட்டார் பம்பு கம்பெனியின் கணக்குப் பிரிவில் கூட்டம் நடத்தியிருக்கிறாள், வங்கிக்காரர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். திக்கப் போகிற சொல் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். வேறு சொல்லைப் போட்டுத் தாண்டிவிடுவாள்.

பெயருக்கு மட்டும் வேறு சொல் இல்லை.

அதனால் வெளியில் அக்காவின் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கம். கூரியர்காரருக்கும் கண்ணாடிக் கடைக்கும் பல் டாக்டருக்கும் அவள்தான் அக்கா. நிஜ அக்கா ஒருமுறை பல்வலி என்று போய் நின்றபோது, போன மாதம் பிடுங்கிய பல் எப்படித் திரும்ப முளைத்தது என்று டாக்டர் வெகுநேரம் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நேர்காணலில் எப்படியோ தப்பித்தாள். பெயர் திரையில் எழுதியிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நேரே கேள்விக்குப் போய்விட்டார்கள்.

"பேர நான் கீழ எழுத்துல ஓட விட்டுடறேன். நீ நேரா வேலையப் பத்தி ஆரம்பிச்சுடு," என்றார் அத்தான்.

அக்காவின் முகம் தெளிந்தது. தங்கையும் தலையாட்டினாள். ஆனால் அத்தான் மறுபடி கேமராவுக்குக் குனிந்தபோது, அந்த ஊரில் முதல் நாள் பக்கத்து நாற்காலிக்காரர் கையை நீட்டுவது கண்முன்னே வந்தது. அங்கே யார் பெயரைச் சொல்வது? அக்காவைப் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப்போக முடியாது.

"வேணாம் அத்தான், சொல்லிடறேன். எது நடந்தாலும் நிறுத்தாம எடுங்க."

எடுத்தார்.

வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கண்கள் தாமாக மூடின, கழுத்து நரம்பு புடைத்தது. கல்யாண வீட்டில் யார் முகம் கோணினாலும் சட்டென்று கேமராவைத் திருப்பிப் பழகிய கை அத்தானுடையது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெயர் வந்தது. அதன் பின்னால் மீதியெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தது.

சாயங்காலம் அத்தான் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். திக்கிய இடத்தைக் காணோம். வெட்டி ஒட்டிய அடையாளமும் இல்லை. திரையில் இருந்தவள் சிரித்தாள், தன் பெயரைச் சொன்னாள், மேலே பேசிக்கொண்டு போனாள்.

தன் குரலில் தன் பெயரை இப்படி முழுசாக அவள் கேட்டதேயில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அது முடிந்ததும் இன்னொரு தடவை. அக்கா திரையைப் பார்க்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு அத்தான். இத நான் வெச்சுக்கறேன். அவங்களுக்கு வெட்டாதத அனுப்பிடுங்க."

"நாலு பேர் சிரிச்சா என்னடி பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள். இரவு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

வகுப்புக் குழுவில் வீடியோ ஏறியது. அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அதிர ஆரம்பித்து, நிற்கவேயில்லை. அவளுக்கு முன் அக்கா எடுத்துவிட்டாள். எல்லாம் குரல் செய்திகள்.

முதல் செய்தியில் ஒருவன் அவள் பெயரைத் தொடங்கினான். முதல் எழுத்தில் நின்றான். மறுபடி தொடங்கினான். மறுபடி நின்றான்.

அக்காவின் முகம் சிவந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?"

அவள் கையில் இருந்த சட்டை பாதி மடிப்போடு நின்றது. ஃபோனை வாங்கி அடுத்ததை அழுத்தினாள். ஒரு பெண். அவளும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டாள். அதற்கடுத்துக் கொஞ்சம் வயதானவர். அவருக்கு வேறு ஏதோ பெயரே வந்தது.

யாரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பெயரின் முதல் எழுத்து 'ஞா'. ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு முன்னால் ஒரு 'ஜி' வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதிப் பேர் அதிலேயே தடுக்கி விழுந்திருந்தார்கள். மீதிப் பேருக்கு அந்த எழுத்தே வாய்க்குள் நுழையவில்லை.

கடைசிக் குரல் முயன்றது, நின்றது, தன்னைத்தானே நொந்துகொண்டது. "மன்னிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வந்துவிடும்," என்றது.

அவள் சட்டையை ஓரமாக வைத்தாள். பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"அவசரமே இல்லை," என்றாள். பிறகு, அவர்கள் எல்லோருக்குமாக, தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.