டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்த் தொட்டியில் ஒரு கண்ணாடித் தகடு சாய்ந்து நின்றது. அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசியிருந்தார்கள். வெயில் பட்டால் போதும், தண்ணீரில் கரைந்து வரும் மருந்துகளை அந்தப் பூச்சு உடைத்துப் போட்டுவிடும்.

ஆனால் இப்போது தகடு முழுக்கப் பாசி. வெயில் படவே இல்லை. தொட்டியில் இருந்த தலைப்பிரட்டைகள் தூங்கி வழிந்தன. தூங்கியவற்றையெல்லாம் கொக்கு கொத்திக்கொண்டு போனது. மிச்சம் ஒன்றுதான்.

"நீ பாசியை மட்டும் தின்னுடு தம்பி. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றது தகடு.

தலைப்பிரட்டை பாசியில் வாய் வைத்தது. தண்ணீரில் கரைந்திருந்த தூக்க மாத்திரை இதமாகப் பேசியது: "எதுக்கு இந்த அவசரம்? கொஞ்சம் படு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

தலைப்பிரட்டைக்குக் கிறங்கியது. ஆனாலும் பாசியிலிருந்து வாயை எடுக்கவில்லை. கடித்தது, தூங்கி விழுந்தது, விழித்து மறுபடி கடித்தது.

உச்சி வெயில் நேரத்தில் தகட்டின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. வெயில் அங்கே விழுந்ததும் மாத்திரை உடையத் தொடங்கியது.

"நான் போனா குழாய் வழியா இன்னும் பல பேர் வருவாங்க," என்றது மாத்திரை.

"வரட்டும். வெயிலும் தினம் வருது," என்றது தகடு.

"என்னைப் போய் உடைக்கிறீங்களே, நான் என்ன விஷமா? டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து நான்."

"எனக்கா எழுதிக் கொடுத்தார்?" என்று கேட்டுவிட்டு, தலைப்பிரட்டை அடுத்த கடிக்கு நகர்ந்தது.