சாயாத முத்திரை

"சாய்ச்சுக் குத்துங்க மேடம், சாய்ச்சு!" என்று விநியோக மேலாளர் தொதொரோகி பதறுவதற்குள், மிஃபுயு முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்துத் தாளில் அழுத்திவிட்டாள். நேராக.

தொதொரோகி வேலை பார்க்கும் டோக்கியோவின் பெரிய வீடியோ கேம் நிறுவனத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் சின்னக் கம்பெனியின் முத்திரை பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சாய வேண்டும், குனிந்து வணங்குகிற மாதிரி. சின்ன கேம் கம்பெனி ஒன்றை நடத்தும் மிஃபுயுவும் எட்டு வருடமாக அப்படித்தான் குத்தினாள். அவர்கள் லாரி ஏற்றாமல் அவளுடைய கேம் ஒரு கடைக்கும் போகாது. இந்த வருடம், கேம் பெட்டியின் மேல் அவளுடைய கம்பெனிப் பெயரே கூடாது என்றுவிட்டார்கள்.

"சரி, வேற தாள் தர்றேன். அதுலயாவது ஒழுங்கா குனியட்டும்" என்றார் தொதொரோகி. "நாங்க இல்லாம எங்க விப்பீங்க? மீன் கடையிலயா?"

"மீன் கடைக்காரர் எங்க பேரை அழிக்கச் சொல்ல மாட்டார் சார்."

"வாய் மட்டும் குறையல. கையை எடுங்க, அதைக் கிழிச்சுப் போடலாம்."

தாளை மறைத்திருந்த கையை மிஃபுயு எடுத்தாள்.

அது அவர் கொடுத்த ஒப்பந்தமே இல்லை. 'இனி எங்கள் கேம்களை நாங்களே சேர்ந்து கடைகளுக்குக் கொண்டுபோகிறோம்' என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே, இத்தனை வருடம் அவருக்குக் குனிந்த பதினோரு சின்னக் கம்பெனிகளின் முத்திரைகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. ஒன்றுகூடச் சாய்ந்திருக்கவில்லை.