ஏழு மணி விளக்கு

“இருட்டினதும் தானா எரியுற சென்சார் எனக்கு வேணாம் தம்பி. டாண்ணு ஏழு மணிக்கு எரியணும், ஒன்பதுக்கு அணையணும். டைமரே போடு!”

சங்கீதா கறாராகச் சொன்னாள். எலக்ட்ரீஷியன் ஜெயப்பிரகாஷ் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான்.

“ஊருக்குப் போறீங்களாக்கா?”

“எங்கயும் போகல. ஆனா வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி தெரியணும். முக்கியமா எதிர்வீட்டுக்கு.”

எதிர்வீட்டில் இருப்பவள் சின்னப்பாப்பா, சங்கீதாவின் ஓரகத்தி. இருவருக்கும் மரக்காணம் உப்பளத்தில்தான் வேலை. போன வருஷம் சங்கீதா பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதிக் கணக்கில் கோட்டை விட்டாள். மறுநாள் குழாயடியில் சின்னப்பாப்பா கேட்ட கேள்வி ஊரையே சுற்றி வந்தது.

“‘உப்பு வார்ற கைக்குப் பேனா எதுக்குடி’ன்னு கேட்டா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. மழை வந்தா மூணு மாசம் உப்பளத்துல வேலை கிடையாது. பத்தாவது பாஸ் பண்ணாத்தான் அங்கன்வாடி வேலைக்கு மனு போட முடியும். இந்தத் தடவ பாஸ் ஆவாம விடமாட்டேன். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது.”

ஜான்சி டீச்சர் வீட்டு மாடியில் அவளுக்கு அன்றுதான் முதல் டியூஷன். தினமும் ஏழிலிருந்து ஒன்பது வரை. கணவனுக்குப் புதுச்சேரியில் வாட்ச்மேன் வேலை, மகள் ஹாஸ்டலில். வீடு இருட்டாகக் கிடந்தால் சின்னப்பாப்பா சும்மா இருப்பாளா?

ஜெயப்பிரகாஷ் பழைய குண்டு பல்பைக் கழற்றினான். “ஒன்பது வாட் எல்இடி போட்டுர்றேன்கா. தினம் எரிஞ்சாலும் பில்லு எகிறாது. ஒரே ரூம்ல எரிஞ்சா சந்தேகம் வரும். ஏழரைக்கு சமையல்கட்டுலயும் எரியுற மாதிரி வெக்கவா?”

“அட, நல்ல மூளைப்பா உனக்கு!”

“ஐடியா என்னோடது இல்லக்கா. ஒரு கஸ்டமர் சொன்னது.”

சங்கீதா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

“ஒரு மாசமா பாக்குறேன், ஏழு அடிச்சா அவ ஹால்ல லைட்டு எரியுது. கண்கொத்திப் பாம்பு மாதிரி ஒக்காந்து என் வீட்டத்தான் பாத்துட்டு இருப்பா.”

ஜெயப்பிரகாஷ் ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று முடுக்கினான்.

ஆறே முக்காலுக்குச் சங்கீதா நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்கதவு வழியே கிளம்பினாள். உப்பளத்து வரப்பில் பாதி தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டில் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டிலும் எரிந்தது.

“நல்லா பாத்துட்டே இரு” என்று முணுமுணுத்தபடி நடையை எட்டிப் போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“மொத நாளே லேட்டா? சரி, முன்னாடி வந்து ஒக்காருங்க” என்றார் ஜான்சி டீச்சர். “கணக்குல சந்தேகம்னா பக்கத்துல இருக்கிறவங்களக் கேளுங்க. ஒரு மாசமா ஒருநாள்கூட லீவு போடாம வர்றாங்க.”

பக்கத்தில் நோட்டுக்குள் தலையைப் புதைத்திருந்தவள் வேறு வழியில்லாமல் நிமிர்ந்தாள். கையில் பேனாவோடு சின்னப்பாப்பா!

சங்கீதாவுக்கு ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி தானாக வெளியே வந்தது.

“உப்பு வார்ற கைக்குப் பேனா எதுக்குக்கா?”

சின்னப்பாப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்து கேட்டாள்:

“அது கெடக்குது. உன் வீட்டுக்கும் டைமர் போட்டது ஜெயப்பிரகாஷுதானா?”