தொண்ணூற்றெட்டாம் நாள்

கடைசியாக முடி வெட்டிய தொண்ணூற்றெட்டாம் நாள் காலையில் முயல் கேரட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அங்கோரா முயலுக்கு எழுபத்தைந்து நாளுக்கு ஒருமுறை முடி வெட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால், அது உடம்பை நக்கி நக்கி விழுங்கும் முடி வயிற்றை அடைத்துவிடும். பிலோமினாவுக்கு இது தெரியாததல்ல. போன மாதம் துபாயிலிருந்து வீடியோவில் பார்த்த கணவன் சேசுராஜ்தான் சிரித்தான்: “முயலாடி இது? தலையணைக்குக் காது முளைச்ச மாதிரி இருக்கு. நான் வந்து தொட்டுப் பாக்குற வரைக்கும் கத்திரி வெச்சிராத.” அவனுடைய விடுப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. அவளும் தினமும் சீவிவிட்டு, வாயால் ஊதி, வெள்ளை முடி பூவாக விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்ட அவளுக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் மாலை முயல் இறந்தது. புதைப்பதற்கு முன் அதை மடியில் கிடத்திக் கத்திரியை எடுத்தாள். முடி இருபுறமும் குவிந்தது. உள்ளே இருந்த உடம்பு இவ்வளவு சிறியதா என்றிருந்தது. விலா எலும்புகளை விரலால் எண்ணிவிடலாம்.

கைபேசி அடித்தது. சேசுராஜின் பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

“லீவு கெடச்சிருச்சு பிலோ! நாளைக்கு வந்துருவேன். வெட்டிரலையே?”